குளிர்காலத்தில் ஸ்பிதிக்கு பைக்கில் குழுவாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாச்சலத்தில் சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ வழியாக ஸ்பிதியின் தலைமை ஊரான காசா வரை ஏறக்குறைய 430 கி.மீ. ஜனவரி, பிப்ரவரியில் இந்தச் சாலையில் கூட்டாக பைக் ஓட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். முதலில் ஒரு சொல் விளக்கம். மார்கழி விடியலில் புல்லில் இருப்பதும் நமக்குப் பனிதான், இமயத்தில் கொட்டுவதும் பனிதான். குழப்பம் வராமல் இருக்க, வானிலிருந்து விழுவதைப் பனி என்றும், தண்ணீர் உறைந்து சாலையில் கிடப்பதை ஐஸ் என்றும் எழுதியிருக்கிறோம். வண்டிகளைக் கீழே போடுவது பெரும்பாலும் ஐஸ்தான்.

அடல் சுரங்கம் வந்துவிட்டதே, மணாலி வழியாகப் போக முடியாதா?

முடியாது. 2020 அக்டோபரில் திறந்த அந்தச் சுரங்கம் லாஹௌல் பக்கம் கொண்டுபோய் விடும். சிஸ்ஸு, கேலாங் வரை போகலாம். ஸ்பிதிக்குப் போக அதற்கு மேலும் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். சுமார் 4,550 மீட்டர் உயரம். குளிர்காலம் முழுக்க மூடியே கிடக்கும். மிச்சமிருப்பது மேலே சொன்ன கின்னௌர் வழி ஒன்றுதான். போன சாலையிலேயே திரும்ப வேண்டும். போகும்போது தாண்டிய ஒவ்வொரு ஐஸும் திரும்பும்போதும் காத்திருக்கும், அதுவும் இறக்கத்தில்.

கின்னௌர் சாலையை எல்லைச் சாலை அமைப்பு ஆண்டு முழுவதும் திறந்து வைக்கப் பார்க்கும். பெரும் பனிப்பொழிவுக்குப் பின் ஒரு நாளோ நான்கு நாளோ அடைபடுவது சகஜம். அப்போது இருசக்கர வண்டிகளைக் காவல்துறை கீழேயே நிறுத்திவைக்கும். வாதாடிப் பயனில்லை.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

சிம்லாவிலிருந்து சிம்லாவுக்கு 9 நாள், அதற்கு மேல் சும்மா வைத்திருக்க 3 நாள். திரும்பும் ரயிலையோ விமானத்தையோ கடைசி நாளுக்கு அடுத்த நாளே பதிவு செய்கிறவர்கள்தான், பனி கொட்டிய மறுநாள் காலையில் கிளம்பித் தீருவேன் என்று நிற்பார்கள்.

முதல் நாள் ராம்பூர் (சுமார் 1,000 மீட்டர்). வழியில் உள்ள நார்கண்டாவில் பனி கொட்டியிருந்தால் அந்த உயரத்துக்கு ஏறாமல் பசந்த்பூர் வழியாகச் சட்லெஜ் கரையில் இறங்கும் கீழ்ச்சாலையைப் பிடியுங்கள். நார்கண்டாவின் தேவதாரு நிழலில் ஐஸ் நாட்கணக்கில் கிடக்கும். இரண்டாம் நாள் ரெக்காங் பியோ (2,290 மீட்டர்). மூன்றாம் நாளை அங்கேயே கழியுங்கள். கல்பா வரை ஏறி இறங்கினால் உடம்பும் பழகும், வண்டியின் கோளாறுகளும் தெரிந்துவிடும்.

நான்காம் நாள்தான் யோசிக்க வேண்டியது. பெரும்பாலோர் நாக்கோவில் தங்குவார்கள். அது 3,660 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,300 மீட்டருக்கு மேல் கூடிவிடும், உயர நோய் வரலாம். தாபோ இன்னும் 65 கி.மீ. தள்ளி இருந்தாலும் 3,280 மீட்டர்தான். சாலை காய்ந்திருந்து, பியோவில் காலை 8 மணிக்குப் புறப்பட முடிந்தால் தாபோ மேல். மதியம் 1 மணிக்குள் நாக்கோவைத் தாண்டவில்லையென்றால் அங்கேயே தங்குங்கள். அடுத்து வரும் மல்லிங் நாலாவை (நாலா என்றால் மலையோடை) அந்தி நேரத்தில் கடக்கக் கூடாது. தாபோவிலிருந்து காசா 47 கி.மீ.; அரை நாள் வேலை.

ஒரு நாளில் எந்த நேரத்தில் ஓட்டுவது?

காலை 9:30 முதல் மதியம் 3:30 வரை. பியோவிலிருந்து தாபோ போகும் நாளில் மட்டும், சாலை காய்ந்திருந்தால் 8 மணிக்கு. சட்லெஜ், ஸ்பிதி ஆறுகள் ஓடுவது ஆழமான பள்ளத்தாக்குகளில். வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். மலைமுகட்டுக்குப் பின்னால் சூரியன் மறைந்ததும், பகலெல்லாம் உருகிச் சாலையில் வழிந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். கறுப்பு ஐஸ் (தாரின் நிறமே தெரியும் மெல்லிய ஐஸ்) பிறப்பது அப்போதுதான். இருட்டில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. விதிவிலக்கு, கல் உருளும் சரிவுகள். உறைந்த கற்களை மதிய வெயில் தளர்த்திவிடும் என்பதால் அவற்றைக் காலையிலேயே கடப்பது நல்லது. அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம்.

குழுவில் எத்தனை பேர்? யார் எங்கே?

ஆறு முதல் எட்டு வண்டிகள். நான்குக்குக் குறைந்தால் ஐஸில் வண்டி தள்ள ஆள் போதாது. பத்தைத் தாண்டினால் ஒவ்வொரு நாலாவிலும் ஒரு மணி நேரம் போகும்.

முன்னால் போகிறவர் வேகமானவராக இருக்கத் தேவையில்லை. ஐஸைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடைசி வண்டியில் பங்க்சர் கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். அதை ஓட்டுபவரை யாரும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அனுபவம் குறைந்தவரை இரண்டாம் இடத்தில் வையுங்கள், முன்னவரின் தடம் அவருக்குத் தெரியும். வண்டிகளுக்கு இடையே காய்ந்த சாலையில் 5 விநாடி, பனியில் 50 மீட்டர். ஐஸில் இடைவெளிக் கணக்கே கிடையாது. ஒருவர் முழுதாகக் கரையேறிய பிறகுதான் அடுத்தவர் கிளட்சை விடலாம். பிரியும் சாலைகளில் இரண்டாமவர் நின்று, கடைசி வண்டி வந்ததும் நகர வேண்டும்.

பில்லியன் (பின்சீட்டில் ஆள்) வேண்டாம். கூட வருகிறவர்களைப் பின்தொடரும் நான்கு சக்கரத் துணை வண்டியில் (பேக்கப் வண்டி) ஏற்றுங்கள்.

ஐஸை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கடப்பது?

மைனஸ் 10-இல் ஈரமாகத் தெரிகிற சாலை ஈரமில்லை. இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் விழுவது பாதியாகக் குறையும். உள்வளைவுகளின் நிழல், பாலத்தின் மேல்தளம், ஊர்க்குழாய் வழியும் இடம், கூரிய ஐஸ் விழுதுகள் தொங்கும் பாறைக்கு அடியில், நாலா சாலையைக் குறுக்கே வெட்டும் இடம்: இவை எல்லாவற்றையும் ஐஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாக்கோவைத் தாண்டியதும் வரும் மல்லிங் நாலா இந்த வழியில் பேர் பெற்ற இடம். சரிந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவில் ஊறும் தண்ணீர் சாலைமேல் அடுக்கடுக்காக உறைந்து பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்து கிடக்கும்.

முதல் வண்டி 30 மீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும். ஓட்டுநர் இறங்கி, பூட்ஸில் இரும்புப் பல் பட்டையை மாட்டிக்கொண்டு, மறுகரை வரை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் உடைந்து நொறுங்குவது மேலோடு. ஒன்றும் ஆகாமல் காலே வழுக்கினால் கெட்டி ஐஸ். தடம் எப்போதும் மலையை ஒட்டி. வழுக்கினால் வண்டி சரிவது பள்ளத்தாக்குப் பக்கம்தான், அந்த ஒரு மீட்டர் அப்போது வேண்டும்.

தடம் முடிவானதும் அதில் மண்ணோ பொடிக்கல்லோ சாம்பலோ தூவுங்கள். தங்கும் வீட்டு அடுப்புச் சாம்பலைக் காலையில் இரண்டு மூன்று கிலோ கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். உப்பை நம்பாதீர்கள், மைனஸ் 10-க்குக் கீழே சமையல் உப்பு ஐஸை உருக்காது என்றே சொல்லலாம்.

பிறகு ஓட்டுவது. ஐஸ் தொடங்குவதற்கு முன்பே முதல் கியர், கிளட்ச் முழுதாக விட்ட நிலை, ஆக்சிலரேட்டரில் மாறாத சின்னத் திருகல். இரு கால்களும் தரையை உரசியபடி. பார்வை மறுகரையில். ஐஸின் மேல் கியர் மாற்றாதீர்கள், கிளட்சை அரைகுறையாகப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பிடிமானமே இல்லாத இடத்தில் அது பங்கிட ஒன்றுமில்லை. வண்டி சரிந்தால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். 200 கிலோவை வழுக்கும் காலோடு யாராலும் நிறுத்த முடியாது. விட்டுவிட்டு மலைப் பக்கம் ஒதுங்குங்கள். உதவிக்கு நிற்பவர்களும் மலைப் பக்கமும் பின்னாலும்தான் நிற்க வேண்டும், பள்ளத்தாக்குப் பக்கம் ஒருவரும் கூடாது.

இறக்கத்தில் ஐஸ் என்றால் முறை வேறு. இன்ஜினை அணையுங்கள். முதல் கியர் போடுங்கள். இப்போது கிளட்ச் லீவர்தான் பின் பிரேக்: விட்டால் பின்சக்கரம் நிற்கும், மெல்லப் பிடித்தால் உருளும். கால் இரண்டும் தரையில் இருக்கும்போது கையாலேயே சக்கரத்தைக் கட்டுப்படுத்தலாம். கேரியரில் 8 மி.மீ. கயிறு ஒன்றை 5 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, பின்னால் இருவர் பிடித்துக்கொண்டால் யானையை இறக்குவதுபோல நிதானமாக இறக்கிவிடலாம். இரும்புப் பல் பட்டை இல்லாதவர் பூட்ஸுக்கு மேல் பழைய கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டால் ஓரளவு பிடிக்கும்.

புதுப் பனியிலும் இதேபோலத்தானா?

இல்லை, புதுப் பனி அவ்வளவு மோசமில்லை. கணுக்கால் அளவு வரை இரண்டாம் கியரில், ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, சீராக ஓட்டலாம். ஹேண்டில் கொஞ்சம் ஆடும், ஆடவிடுங்கள். வேகத்தைச் சட்டென்று குறைத்தால் முன்சக்கரம் புதையும். கனரக வண்டிகள் மிதித்து இறுக்கிய தடத்தில் போனால் ஒரே தடத்தில் போங்கள். தடம் மாறும் நொடியில்தான் விழுவார்கள்.

பனிச் சங்கிலியா, ஆணி டயரா?

இந்தச் சாலைக்கு, டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. வழியின் பெரும்பகுதி காய்ந்த தாரும் சரளையும்தான். டயர் கட்டைகளில் திருகாணி பதித்தால் காய்ந்த தாரில் பிடிமானம் குறையும், ஆணிகளும் சீக்கிரம் உதிரும். ஆணி கொஞ்சம் நீளமாகிவிட்டால் டியூபையும் குத்தும்.

சங்கிலி பின்சக்கரத்துக்கு மட்டும். வாங்கியதை ஊரிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), மட்கார்டு, டிரைவ் செயின் மூன்றுக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மீந்த நுனியைக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள், தொங்கினால் செயினில் சிக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். மாட்டி 200 மீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். வேகம் 25 கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஐஸ் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே 10 கி.மீ. தாரில் ஓட்டினால் டயரும் போகும், சங்கிலியும் போகும்.

டயர் காற்று எவ்வளவு?

குளிரில் காற்றழுத்தம் இறங்கும் என்பது தெரிந்ததே. ஆனால் உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் எண் ஏறவும் செய்யும். ராம்பூரில் 10 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்தால், காசாவில் மைனஸ் 20 காலையில் ஏறக்குறைய 31 காட்டும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அதனால் வழியெல்லாம் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை. நெடும்பனியில் மட்டும் நிறுவனம் சொன்ன அளவிலிருந்து 5 பிஎஸ்ஐ இறக்கலாம், தாருக்கு வந்ததும் ஏற்றிவிடுங்கள். கால் பம்பு எடுத்துச் செல்லுங்கள்.

பங்க்சருக்குப் பசை போட்டு ஒட்டுவது அங்கே எடுபடாது, குளிரில் காயாது. டியூபையே மாற்றுங்கள். முன்சக்கரத்து 21 அங்குல டியூபை அவசரத்துக்கு 17 அங்குலப் பின்சக்கரத்திலும் மடக்கிப் போட்டு ஊர் சேரலாம்.

வண்டியை என்ன தயார் செய்வது?

இன்ஜின் ஆயில் டின்னில் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண்தான் குளிர்நிலைத் திறன். ஸ்டார்ட் ஆகும்போதுள்ள இளக்கத்தை 15-க்கு மைனஸ் 20 டிகிரியிலும், 10-க்கு மைனஸ் 25-இலும், 5-க்கு மைனஸ் 30-இலும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். காசாவில் ஜனவரி இரவு மைனஸ் 20-ஐத் தாண்டும். உங்கள் வண்டியின் கையேடு அனுமதித்தால் 10டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-50, கிளட்சுக்கேற்ற ஜாசோ எம்ஏ2 தரத்தில் ஊற்றுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. முன்பு யாராவது வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் முழுதாக வடித்து மாற்றுங்கள். உறைந்த தண்ணீர் விரிந்து இன்ஜினையே பிளக்கும்.

கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களில் ஈரம் தங்கியிருந்தால் உறைந்து பிடித்துக்கொள்ளும். புதுக் கேபிள் போட்டு, எண்ணெய் இறக்கி, பழையதை உபரியாகப் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். டிரைவ் செயினுக்கு எண்ணெய் போடுவது மாலையில், வண்டி சூடாக இருக்கும்போது. ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பேட் எல்லாம் வழக்கம்போல.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால்?

அதற்கான வேலை முந்தின இரவே ஆரம்பம். கடும் குளிரில் பேட்டரியின் இழுவை பாதியாகிவிடும். எட்டு நிமிடம் செலவழித்துக் கழற்றி (மைனஸ் முனை முதலில்) அறைக்குள் கொண்டுபோங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடும். டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், காலி இடத்தில் ஈரம் படியாது. கடைசி நாலாவில் சக்கரம் நனைந்திருந்தால் நிறுத்துவதற்கு முன் இரு பிரேக்குகளையும் நாலைந்து முறை அழுத்தி உலர்த்துங்கள்.

காலையில் பேட்டரியை மாட்டி, இன்ஜினைப் போடாமலே கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் நான்கைந்து தரம் ஆட்டுங்கள். இறுகிய ஆயிலில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரிக்காமல் முதல் கியர் போட்டால் வண்டி துள்ளி, வீட்டு வாசல் ஐஸிலேயே விழவைக்கும். பிறகு 4 விநாடி சுற்றுங்கள், அரை நிமிடம் விடுங்கள், மறுபடி. பிடித்ததும் 5 நிமிடம் ஐடிலில் ஓடட்டும், முறுக்க வேண்டாம்.

ஊர்க்காரர்கள் டீசல் வண்டிக்கு அடியில் தணல் வைப்பதைப் பார்த்து, பெட்ரோல் வண்டிக்கு அதைச் செய்துவிடாதீர்கள். பூட்டுத் துவாரம் உறைந்தால் சாவியை லைட்டரில் சுட்டு நுழையுங்கள். வெந்நீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் இன்னும் கெட்டியாக உறையும்.

கை விறைக்காமல் இருக்க?

மைனஸ் 10-இல் 40 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு மைனஸ் 21 போலத் தெரியும். எவ்வளவு தடித்த கிளவுஸும் காற்று நேராக அடித்தால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். காற்றைத் தடுக்க ஹேண்டில்பாரில் மாட்டும் பை உறை வாங்குங்கள். இங்கே சொல்பவற்றிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது அதுதான். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, மேலே தளர்வான கிளவுஸ். இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, தடிமனால் பயனில்லை. காலுக்கும் அதே விதி: இரண்டு கம்பளிக் காலுறை போட்டு பூட்ஸ் இறுகினால் ஒன்றைக் கழற்றுங்கள். உடம்போடு ஒட்டும் உடுப்பு எதுவும் பருத்தியில் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் நடுக்கும். வண்டி தள்ளும்போது ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளுங்கள்.

ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்தகடு போடுங்கள், இல்லையேல் மூச்சு படிந்து உறையும். விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போனால் அக்குளில் வையுங்கள். தேய்க்கவோ அடுப்பில் காட்டவோ கூடாது. சுடுவது தெரியாமலே வெந்துபோகும்.

பெட்ரோல்?

ராம்பூரில் நிரப்புங்கள், பியோவுக்குக் கீழே பொவாரியில் மறுபடி நிரப்புங்கள், அடுத்து காசாவை எண்ணியே கணக்குப் போடுங்கள். நடுவில் சுமார் 200 கி.மீ. முதல் கியர் ஊர்தலும் காலையில் இன்ஜினைச் சூடாக்குவதும் மைலேஜைத் தின்னும். 13 லிட்டர் டேங்க் போதுமானதுதான், என்றாலும் வண்டிக்கு 3 லிட்டர் உலோக கேனில் இருக்கட்டும். சாலை அடைபட்டால் காசா பங்க்கிலும் இருப்பு குறையும்.

பேக்கப் வண்டி அவசியமா?

அவசியம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, நான்குக்கும் சங்கிலி, உள்ளூர் ஓட்டுநர். டீசல் வண்டியானால், சமவெளி டீசல் மேலே மெழுகாகி ஃபில்டரை அடைக்கும். உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. மைனஸ் 33 வரை ஓடும், காசா போன்ற ஊர்களுக்கென்றே வந்தது. டேங்கை ஓரளவு காலியாக வைத்துக் காசா சேர்ந்து அதை நிரப்புங்கள்.

உயர நோய் பற்றி?

தலைவலி, வாந்தி வருவதுபோல் இருப்பது, தூக்கமின்மை: அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அந்த இரவே பேக்கப் வண்டியில் கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் உருளை அதுவரை தாக்குப்பிடிக்க மட்டும். அசிட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். குளிருக்கு இதமாக இருப்பதாகத் தோன்றினாலும் உடல்சூட்டை அது வெளியேற்றுகிறது.

தங்குமிடம் எப்படி இருக்கும்?

பெரிய விடுதிகள் பலவும் மூடியிருக்கும், வீட்டுத் தங்கல்தான். குழாய்கள் உறைந்திருப்பதால் தண்ணீர் வாளியில் வரும், அதை வீட்டுக்காரர்கள் தூரத்திலிருந்து சுமந்து வருகிறார்கள். குளியலை மறந்துவிடுங்கள். கழிப்பறை மண் தூவும் உலர் கழிப்பறை. நடு அறையில் புகைபோக்கி வைத்த விறகு அடுப்பு எரியும், அதைத் தந்தூர் என்பார்கள். புகைபோக்கி இல்லாத தணல் சட்டியைப் படுக்கும் அறைக்குள் கேட்டு வாங்காதீர்கள். சாளரம் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

அனுமதிச் சீட்டு, தொலைபேசி?

இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி வேண்டாம், அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு (இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களும் இதில் சேர்த்தி) கின்னௌர் வழிக்கு உள்வரம்பு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) தேவை. பியோவிலோ சிம்லாவிலோ வாங்கலாம். செயற்கைக்கோள் தொலைபேசியோ, செய்தி அனுப்பும் சிறு கருவியோ தொலைத்தொடர்புத் துறை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைதுவரை போகும். குழுவுக்குள் பேச 446 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத வாக்கி டாக்கி போதும். பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வண்டியை ரயிலில் அனுப்பலாமா?

அனுப்பலாம். டேங்கை வடித்து, ஆர்.சி. நகலோடு பார்சல் அலுவலகத்தில் கொடுத்தால் டெல்லி, சண்டிகர் வரை போகும். சண்டிகரில் வாடகைக்கு எடுப்பது சுலபம்தான். ஆனால் அந்த வண்டியின் ஆயில், கேபிள், டயர் எதுவும் உங்கள் கையில் இல்லை. எடுத்தால் மேலே சொன்னவற்றைப் பார்க்க சண்டிகரில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

எப்போது திரும்பிவிட வேண்டும்?

கிளம்புவதற்கு முன்பே எழுதி வையுங்கள், மலையில் போய் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தால் அன்று நகர்வதில்லை. பெரும் பனி நின்ற பிறகும் 24 மணி நேரம் பொறுத்துத்தான் சரிவுகளைக் கடப்பது, பனிச்சரிவு அதிகம் வருவது அப்போதுதான். ஒரே நாளில் ஒருவர் மூன்று முறை விழுந்தால் அவர் வண்டி அன்றைக்கு அங்கேயே நிற்கும்; ஆள் பேக்கப் வண்டியில். மதியம் 2 மணிக்குப் பாதி தூரம் தாண்டவில்லையென்றால் பின்னால் உள்ள ஊருக்குத் திரும்புவது. இந்த முடிவுகளைச் சொல்ல ஒரே ஒருவருக்கு உரிமை கொடுங்கள். கிளம்பும் முன் தங்கும் வீட்டுக்காரரிடமும், எதிரே வரும் அரசுப் பேருந்து ஓட்டுநரிடமும் சாலை எப்படி என்று கேளுங்கள். ஓட்டுநர் தலையை ஆட்டி ‘மத் ஜாவோ’ (போகாதீர்கள்) என்றால் ஸ்டாண்டைப் போட்டு ஒரு தேநீர் சொல்லுங்கள்.